கடைச் சிரிப்பு

சலூன்காரருக்கு இரண்டு சிரிப்புகள் இருந்தன. ஒன்று அவருடையது, அது எப்போதாவது, எதிர்பாராமல் வரும். மற்றொன்று கடையினுடையது. காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே அதுவும் உடன் எழுந்துவிடும். விளக்கை அணைக்கும்வரை உட்காராது. நாற்காலியில் அமர்ந்தவர் அரசியல் பேசினால் அதற்கொரு 'ம்', மருமகனைத் திட்டினால் அதற்கொரு 'அடடா', வேடிக்கை சொன்னால் அதற்கொரு சிரிப்பு. ஆடுகிற மாட்டை ஆடிக் கற, பாடுகிற மாட்டைப் பாடிக் கற என்பது அத்தொழிலின் எழுதாத சட்டம். அவருக்கு வேலை பழக்கியவர் கத்தரிக்கோலைக் கையில் கொடுப்பதற்கு முன்பே அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்: "தலையும் அவங்களது, வாயும் அவங்களது. நம்மளுது கை மட்டும்தான்."

இருபத்திரண்டு ஆண்டுகளாக அச்சட்டத்தை அவர் வழுவாமல் காத்துவந்தார். நின்று நின்று முழங்காலுக்குக் கீழே நரம்புகள் பச்சைக் கயிறுகளாகச் சுருண்டிருந்தன. மாலை ஆறு மணிக்குமேல் உடலின் பாரத்தை இடக்காலுக்கும் வலக்காலுக்குமாக மாற்றி மாற்றித்தான் நிற்பார். அப்போதும் சிரிப்பு மட்டும் குறையாது. இருமலைப்போல அது தானாகவே வரும்.

கடையில் இரண்டு நாற்காலிகள். அவற்றுள் ஒன்று பழுதாகி ஈராண்டு ஆகிறது. ஒரு சுவர் முழுவதும் கண்ணாடி; எதிர்ச்சுவரை ஒட்டி ஒரு நீளப் பெஞ்சு. பள்ளி விட்டதும் அவருடைய மகன் வந்து அப்பெஞ்சின் மூலையில் உட்காருவான். அவனுக்கு வயது பதின்மூன்று. தாய் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். வீடு திரும்ப ஏழரை ஆகும். ஒன்பது வயதுத் தங்கையை அதுவரை கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொண்டாள். பையனைத் தெருவில் விட்டால் கண்ட சேர்க்கையில் கெட்டுப்போவான் என்று அஞ்சி, "என் கண் முன்னாலயே இருக்கட்டும்" என்று கடைக்கு வரச் சொன்னவர் சலூன்காரர்தான்.

பையனின் மடியில் வீட்டுப்பாட நோட்டு இருக்கும். கண் கண்ணாடியில் இருக்கும். வேலை செய்யும்போது சலூன்காரர் தலைகளை மட்டுமே பார்ப்பார். தம் முகத்தைத் தாம் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அந்த முகத்தை மாலைதோறும் விடாமல் பார்த்தவன் அவருடைய மகன் ஒருவனே.

முகம் மழிக்க ஒன்றுவிட்டு ஒரு நாள் வருபவர் கான்ட்ராக்டர். ஒரே நேரத்தில் நான்கு கட்டடங்களை எழுப்புகிறவர். வாய் ஓயாது, கை தாராளம், அத்தெருவில் பல வீடுகளுக்கு வேலை கொடுத்தவர். அவரிடம் வேலை பார்க்கிற இருபது பேரும் இதே கடைக்குத்தான் வந்தார்கள். நல்ல மனிதர் என்றே எல்லாரும் சொன்னார்கள், சலூன்காரரும் சொன்னார்.

"நேத்து வீட்டுல ஒரு பஞ்சாயத்து, அண்ணே" என்று சோப்பு நுரைக்குள்ளிருந்து கான்ட்ராக்டர் தொடங்குவார்.

"என்ன சார் ஆச்சு?" என்று சலூன்காரர் எடுத்துக்கொடுப்பார்.

"நான் ஒண்ணு சொன்னா அவ ஒன்பது சொல்றா. விடுவமா? பொம்பளைக்குச் சடை எதுக்கு இருக்கு? ரெண்டு சுத்து சுத்திப் பிடிச்சா ஸ்டியரிங். எந்தப் பக்கம் வேணுமோ திருப்பிக்கலாம்."

பெஞ்சு குலுங்கும். "பவர் ஸ்டியரிங்கா சார், சாதாவா?" என்று யாராவது கேட்பார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் நாள்தோறும் ஓசிப் பத்திரிகை படிக்க வருவார். அவருடைய முகத்தை மறைத்த தாள் மட்டும் இலேசாக அசையும். சலூன்காரரும் சிரிப்பார். சிரிக்கும்போது கத்தியைத் தொண்டையிலிருந்து விலக்கிக்கொள்வது தொழில் ஒழுங்கு. அதில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை.

தாம் மனைவியின்மேல் கைநீட்டியவர் அல்லர் என்பதில் அவருக்குச் சிறு பெருமையும் உண்டு. செய்யாததற்குப் பெருமைப்பட்டுக்கொள்வது எளிது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணி இருக்கும். சலூன்காரர் வெந்நீர் நிறைந்த பிளாஸ்டிக் தொட்டியில் கால்களை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி சுவரில் சாய்ந்து, வெளுப்புத் தூள் அரித்த விரல் இடுக்குகளில் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். சின்னவள் தரையில் குப்புறப் படுத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய சடை இடுப்பைத் தொடும். நான்கு ஆண்டுகளாக அவள் வளர்த்த சொத்து அது. மாதந்தோறும் முதல் தேதியன்று பள்ளி ஸ்கேலால் அதை அளப்பாள்; உச்சியில் ஸ்கேலின் நுனியைப் பிடிக்கிற வேலை அண்ணனுடையது.

"ஏய், சார்ஜர எடுத்துட்டு வா" என்றான் பையன்.

"உனக்குக் கால் இல்லையா?"

"நான் ஒண்ணு சொன்னா நீ ஒன்பது சொல்றியா?" என்றபடி அவன் எழுந்தான். தங்கையின் சடையை எடுத்தான். மணிக்கட்டில் ஒரு சுற்று. மறுபடியும் ஒரு சுற்று. இழுத்ததில் அவள் தலை தோளோடு ஒட்டிச் சாய்ந்தது. "ரெண்டு சுத்து. ஸ்டியரிங்" என்றான். குரல் கான்ட்ராக்டருடையது, அந்த இழுவை, அந்த நிறுத்தம், எல்லாம் அச்சு அசல். பிறகு தகப்பனைப் பார்த்துக் காத்திருந்தான்.

சலூன்காரர் சிரித்தார்.

வேண்டுமென்று சிரிக்கவில்லை என்று பின்னர் மனைவியிடம் அவர் சொன்னது மெய்தான். மணி அடித்தால் எழுந்து நிற்கிற பள்ளிப்பிள்ளையைப்போல, அந்தச் சொல் விழுந்ததும் அந்தச் சிரிப்பு எழுந்து நின்றது. கடைச் சிரிப்பு வீட்டுக்குள் வந்தது அன்றுதான் முதன்முறை.

சின்னவள் அழவில்லை. தலை சாய்ந்த அதே கோணத்திலிருந்து தகப்பனைப் பார்த்தாள்.

"விடுடா" என்றாள் மனைவி. குரலை அவள் உயர்த்தவில்லை. பையன் விட்டான். அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "பேஷ். கடையையே வீட்டுக்குக் கொண்டுவந்துட்டீங்க. இனி ஷட்டர் ஒண்ணுதான் பாக்கி."

சலூன்காரருக்கு அப்போதுதான் முகத்தில் ரத்தம் ஏறியது. "எங்கடா கத்துக்கிட்ட இதை?" என்று எழுந்தார், கை ஓங்கியது, தொட்டி கவிழ்ந்து தண்ணீர் தரையெங்கும் ஓடியது.

"அடிங்க" என்றாள் மனைவி. "யாருக்குக் கை நீளமோ அவங்க வச்சதுதான் சட்டம்னு அதையும் நல்லாக் கத்துக்கட்டும்."

ஓங்கிய கை சற்று நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு, வேறு வேலை இல்லாததால், கொடியிலிருந்த துண்டை எடுத்தது. அவர் குனிந்து தண்ணீரைத் துடைத்தார்.

"கடையிலதான் கத்துக்கிட்டேன்" என்றான் பையன், சுவரைப் பார்த்து.

"அந்தாள் சொன்னா நீயும் செய்வியா?"

"அவர் சொன்னதுக்கு நீங்க சிரிச்சீங்கல்ல? தப்புன்னா நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

சலூன்காரர் கவிழ்ந்த தொட்டியை நிமிர்த்திவைத்தார். துண்டை மூன்று முறை பிழிந்தார். மூன்றாம் முறை அதில் பிழிய நீரே இல்லை.

மறுநாள் காலை அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது சின்னவள் எதிரே வந்து நின்றாள். சடை சட்டைக்குள் செருகப்பட்டிருந்தது.

"அப்பா, எனக்கு முடி வெட்டிவிடுங்க. அண்ணனுக்கு வெட்டுவீங்கல்ல, அந்த மாதிரி."

"எதுக்கும்மா? இவ்வளவு ஆசையா வளர்த்தியே."

"பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாம."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. பென்சில் தீர்ந்துவிட்டது, புதிதாக வேண்டும் என்பதுபோலச் சொன்னாள். அதுதான் அவரை அடித்தது.

"ஞாயித்துக்கிழமை உனக்கு லீவு, நானும் கடைய மெதுவாத் தொறந்துக்கலாம். அன்னிக்கு வெட்டுறேன். அதுவரைக்கும் பொறு."

"மறந்துட மாட்டீங்களே?"

"மாட்டேன்."

நான்கு நாள் தவணை. அந்த நான்கு நாளில் எதைச் செய்தால் அவள் மனம் மாறும் என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது கவனித்தார்: வழக்கமாக நடுக்கூடத்தில் உட்காருகிறவள், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து உண்டாள். அண்ணன் பின்னால் போக இடமில்லாத இடமாகப் பார்த்துத் தேர்ந்திருந்தாள்.

"நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார் மனைவியிடம். "அவர்கிட்டப் போய்ச் சண்டை போடச் சொல்றியா? அவர் போனா பின்னாலயே இருபது பேர் போவாங்க."

"சண்டை போடச் சொல்லலைங்க" என்றாள் அவள், தலையணை உறையை மாட்டியபடி. நாள் முழுவதும் மற்றவர்களின் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வந்தவள், வீட்டிலும் அதையே செய்தாள். "சிரிக்காம இருங்கன்னுதான் சொல்றேன். சும்மா இருக்கிறதுக்குக்கூடவா ஆள் பலம் வேணும்?"

வேண்டியிருந்தது என்பதை வியாழக்கிழமை அவர் அறிந்தார். கான்ட்ராக்டர் வந்தார், நுரை பூசப்பட்டது, பஞ்சாயத்து தொடங்கியது. சலூன்காரர் வழக்கம்போல எடுத்துக்கொடுக்கவில்லை. கான்ட்ராக்டர் தாமாகவே தொடர்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். பெஞ்சு சிரித்தது. சலூன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆயினும் சிரிப்பு பாதி வெளியே வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றினார்.

"என்ன அண்ணே, சளியா?"

"ஆமா சார். கொஞ்சம்."

நிமிர்ந்தபோது கண்ணாடியில் மகனின் கண்கள் தெரிந்தன. பையன் உடனே நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். திருடியவரைவிடத் திருட்டைப் பார்த்தவர் வெட்கப்படுவதும் உலகில் உண்டு.

சனிக்கிழமை கூட்டம் அதிகம். பெஞ்சில் ஐந்து பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்; மூலையில் பையன். கணக்கு வாத்தியார் பத்திரிகையை விரிக்க இடமின்றி நான்காக மடித்துப் படித்தார். கான்ட்ராக்டர் அன்று தம் மகனையும் அழைத்துவந்திருந்தார். ஆறு வயது. நாற்காலியின் கைப்பிடிகளின் குறுக்கே பலகை வைத்து, அதன்மேல் அவனை உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார் சலூன்காரர். பின்னந்தலையில் ஒரு பக்கம் வெட்டி முடித்து மறுபக்கம் திரும்பும் நேரம்.

"எங்க, அண்ணங்களுக்குச் சொல்லு பார்ப்போம்" என்றார் கான்ட்ராக்டர், பெஞ்சிலிருந்து. "அம்மா ஒன்பது சொன்னா அப்பா என்ன செய்வாரு?"

"ரெண்டு சுத்து" என்றது குழந்தை. பால் பல் விழுந்த இடைவெளியில் சொல் சற்றுக் காற்றோடு வந்தது. "ஸ்டியரிங்."

பெஞ்சு முழுவதும் குலுங்கிச் சிரித்தது. குழந்தை கண்ணாடியில் சலூன்காரரைப் பார்த்துக் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பை அவர் அறிவார். செவ்வாய்க்கிழமை இரவு வேறொரு முகத்தில் அதைப் பார்த்திருந்தார்.

கத்தரிக்கோல் நின்றது. அதன் ஓசை நின்றபோதுதான் அதுவரை அது ஒலித்துக்கொண்டிருந்தது மற்றவர்களுக்குத் தெரிந்தது.

"என்ன அண்ணே, பையன் சொன்னது பிடிக்கலையா?"

"இல்ல சார்" என்றார். குரல் கம்மியிருந்தது, உண்மையிலேயே சளி பிடித்தாற்போல. "செவ்வாய்க்கிழமை எம் பையன் இதையே சொல்லி எம் பொண்ணு சடையப் பிடிச்சான். நான் சிரிச்சேன். அவ நாளைக்கு முடிய ஒட்ட வெட்டச் சொல்லியிருக்கா."

"அட, தமாஷுக்குப் பேசுறதுதான. உன் பையன் பண்ணதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" 'அண்ணே' போய் 'நீ' வந்திருந்தது.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். நீங்க சொன்னீங்க, நான் சிரிச்சேன். அவன் என்னைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டான். இனிமே இதுக்கு என்னால சிரிக்க முடியாது. வேற எது சொன்னாலும் சிரிக்கிறேன்."

அது நீளமான பேச்சு இல்லை. ஆனால் இருபத்திரண்டு ஆண்டுகளில் நாற்காலிக்குப் பின்னாலிருந்து அவர் சொந்தமாகப் பேசிய முதல் பேச்சு. பெஞ்சில் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் போனை எடுத்து, ஒன்றுமில்லாத திரையைப் பார்த்தார். கான்ட்ராக்டர் எழுந்தார்.

"டேய், இறங்கு. வேற கடைக்குப் போலாம்."

"பாதி வெட்டியிருக்கு சார். பாதியோட நான் யாரையும் அனுப்புனதில்ல. ரெண்டு நிமிஷம்."

அது தொழில் சம்பந்தப்பட்ட வார்த்தை. ஆகையால் கான்ட்ராக்டரால் மறுக்க முடியவில்லை. அவரும் பாதிக் கட்டடத்தை விட்டுப் போகிறவர் அல்லர். நின்றபடியே காத்திருந்தார். கத்தரிக்கோல் மறுபடியும் ஒலித்தது.

"நான் சொன்னதுக்கு நீங்க ஏன் சிரிக்கல?" என்று குழந்தை கேட்டது. குறை சொல்லவில்லை; தெரிந்துகொள்ளக் கேட்டது.

"இதைக் கேட்டா உங்கம்மா சிரிப்பாங்களா?"

குழந்தை யோசித்தது. "மாட்டாங்க. அம்மாவுக்கு இப்ப சடையே இல்ல. அவங்களே வெட்டிக்கிட்டாங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எதிரே சுவர் முழுவதும் கண்ணாடி. பார்வையைத் திருப்ப அக்கடையில் இடமே இல்லை. கான்ட்ராக்டரின் முகம் அதில் எல்லாருக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. கணக்கு வாத்தியாரின் பத்திரிகை மடியில் இறங்கியது.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுப்பா" என்றார் வாத்தியார்.

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சலூன்காரர் வேலையை முடித்தார். கழுத்தில் பவுடர் தட்டினார், துணியை உதறினார், குழந்தையைத் தூக்கித் தரையில் நிறுத்தினார். கான்ட்ராக்டர் மகனின் கையைப் பற்றிக்கொண்டு வெளியேறினார். படியில் இறங்கும்போது குழந்தை மட்டும் திரும்பிப் பார்த்தது.

அதன்பின் வந்தவர்களுக்கு வெட்டினார், மழித்தார். வெற்றி பெற்ற உணர்வு எதுவும் இல்லை. கால் வலித்தது. கடையில் பேச்சு குறைந்திருந்தது. பேச்சில்லாத கடையில் கைவேலை இரு மடங்கு கனத்தது. ஷட்டரைப் பாதி இறக்கியபோது பையன் தானாகவே துடைப்பத்தை எடுத்து, உதிர்ந்த முடியைக் கூட்டத் தொடங்கினான்.

"இனிமே அவர் வர மாட்டாராப்பா?"

"வர மாட்டாரு."

"அவர் ஆளுங்க?"

"கொஞ்சம் பேர் வருவாங்க. கொஞ்சம் பேர் வர மாட்டாங்க. அந்த ஸ்டூல இங்க நகர்த்து."

பையன் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அவர் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். பையன் கூட்டிய இடத்தையே மறுபடியும் கூட்டினான்.

"அப்பா, அது தப்புன்னு அப்பவே எனக்குத் தெரியும். கொஞ்சம் தெரியும்."

"எனக்கும் கொஞ்சம் தெரியும்" என்றார் சலூன்காரர். "அந்தக் கொஞ்சத்தை வச்சுத்தான் இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்."

கடையில் நடந்ததைக் கேட்ட மனைவி பாராட்டவில்லை. குழந்தை சொன்ன இடம் வந்ததும் களிம்பை மூடிவைத்தாள். "அந்தம்மா வீடு எனக்குத் தெரியும். அவர் வேலைக்குப் போற நேரமாப் பார்த்து ஒரு எட்டு போய்ட்டு வரேன்" என்றாள். சற்றுப் பொறுத்து, "முடி கலர் போடுற சாக்குல போறேன்" என்றாள்.

ஞாயிறு காலை சின்னவள் கடைச் சாவியைத் தானே எடுத்துவந்து கொடுத்தாள். அவர் மறந்துவிடவில்லை என்று தெரிந்துகொள்ள அது ஒரு வழி. மூவரும் கடைக்கு நடந்தார்கள்: அவர், அவள், சற்றுத் தள்ளி அண்ணன். அண்ணனை வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. பின்னால் மட்டும் வரவிடவில்லை, முன்னால் நடக்கவைத்தாள்.

குறுக்குப் பலகையில் உட்கார மாட்டேன், அது சின்னப் பிள்ளைகளுக்கு என்று சொல்லி, நாற்காலியிலேயே ஏறி அமர்ந்தாள். முன்னாலிருந்த சாமான் மேடை மறைத்ததால் கண்ணாடியில் மூக்குக்கு மேல்தான் தெரிந்தது. சடையைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து முன்புறம் போட்டுக்கொண்டாள்.

"தொடலாமா?" என்று கேட்டார் சலூன்காரர்.

இத்தனை ஆண்டுகளில் எந்தத் தலையைத் தொடுவதற்கும் அவர் அனுமதி கேட்டதில்லை. துணியைக் கட்டினால் தலை அவர் கைக்கு வந்துவிடும். பெஞ்சில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"இருங்க" என்றாள் அவள். கண்ணாடியில் அண்ணனைப் பார்த்தாள், பிறகு தகப்பனை.

"நான் இனிமே பிடிக்க மாட்டேன்" என்றான் பையன்.

"நீ இப்ப சொல்லுவ. அப்புறம் எனக்குத் தெரியாது" என்றாள். அவளுடைய கேள்வி அவனுக்கானது இல்லை. "அப்பா, அவன் மறுபடியும் பிடிச்சா நீங்க சிரிப்பீங்களா?"

"மாட்டேன்."

"இருமுவீங்களா?"

அந்தக் கதையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பையன் நோட்டே இல்லாத மடியைக் குனிந்து பார்த்தான்.

"இருமவும் மாட்டேன்" என்றார்.

அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். தெருவில் ஒரு சைக்கிள் போகிற ஓசை வந்தது, போனது. சலூன்காரர் கால் மாற்றி நின்றார். அவசரப்படுத்தவில்லை, அவசரப்படுத்த எந்த உரிமையும் தமக்கு மிச்சமில்லை என்பது அவருக்கு விளங்கியிருந்தது.

"சரி. ஒட்ட வேண்டாம்" என்றாள் கடைசியில். "தோள் வரைக்கும் வெட்டுங்க. பாதி."

"பாதியா?"

"மிச்சத்த அப்புறம் பார்த்துக்கலாம்."

பையன் எழுந்தான். வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த ஸ்கேலை எடுத்து, அளப்பதற்காக நீட்டினான். வழக்கமாக அவன் பிடிக்கிற நுனி அவன் கையில்தான் இருந்தது. அவள் மறு நுனியைப் பற்றி, ஸ்கேலை மெல்ல அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள், தகப்பனிடம் கொடுத்தாள். பையன் துடைப்பத்தின் அருகே போய் நின்றுகொண்டான்.

சலூன்காரர் அளந்தார். இரண்டு ஆண்டு வளர்ச்சி தரையில் விழுந்தது. இரண்டு ஆண்டு வளர்ச்சி தோளில் நின்றது. இரு பக்கமும் நுனி சமமாக இருந்தது. தொழிலில் அவர் என்றும் பழுது சொல்லப்படாதவர்.

அன்று இரவும் அவள் சுவரோரமாகவே உட்கார்ந்து சாப்பிட்டாள். முடியை மட்டும் சட்டைக்குள் செருகவில்லை.